இசை கற்போர்க்குச் சோறிடுவார் யார்?

நம் சமூகத்தில் ஒரு பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததென்றால் தெருவே திரண்டு வாழ்த்துகின்றது. சட்டப் படிப்பு என்றால் தலைவர்கள் பொன்னாடையோடு வந்து படம் பிடித்துக்கொள்கின்றனர். கணக்கியல் என்றால், "பாதகமில்லை, பிழைத்துக்கொள்வான்" என்கின்றனர். ஆனால் இசையில் முதற்பட்டம் பெற்ற ஒரு பிள்ளை சபையில் எழுந்து, "இசையிலேயே மேற்பட்டம் பெற விரும்புகின்றேன், அதற்குப் பொருளுதவி எங்கே கிடைக்கும்?" என்று கேட்குமாயின், முதலில் எழுவது நகைப்பு, அடுத்து எழுவது அறிவுரை, பொருளுதவி மட்டும் எழுவதே இல்லை.

இந்நகைப்பையும் அறிவுரையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்து மேடைதோறும் முழங்குகின்றோம். இயற்றமிழுக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் வேண்டுமெனப் போராடிப் பெற்றோம். நாடகத்தைச் சினிமாவுக்குத் தாரை வார்த்தோம். இசையையோ, எவரோ எங்கிருந்தோ வந்து பாடிவிட்டுப் போகட்டும் என விட்டுவிட்டோம். முத்தமிழ் முத்தமிழ் என்று வாயாற் கூறுவோர், நடுத் தமிழுக்கு மட்டும் ஒரு பிடி சோறிட மனமில்லாதவராயிருப்பது விந்தையே.

பாகான் டாலாமிலிருந்து பார்ப்போர்க்கு இவ்விந்தை இன்னும் தெளிவாய்த் தோன்றும். பட்டர்வொர்த் துறைமுகத்துக்கும் இரயில் நிலையத்துக்கும் அண்மையில், தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாய் வாழ்ந்துவரும் இடம் இது. எதிரே கடல், கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவு, அத்தீவில் 1969-ஆம் ஆண்டில் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். பெயரில் அறிவியல் இருப்பினும் அங்குள்ள கலைப்பள்ளியில் இசையும் பயிற்றப்படுகின்றது. அப்பள்ளியில் பேராசிரியராய் விளங்கிய தான் சூயி பெங் அம்மையார், பங்சாவான் என்னும் மலாய் மேடை நாடகத்தின் வரலாற்றை ஆராய்ந்து 1993-இல் நூலாக வெளியிட்டார். நன்று. பங்சாவானுக்கு வரலாறு எழுதப்பட்டது. நமது பால்மரத் தோட்டத்துத் தாலாட்டுக்கும், ஒப்பாரிக்கும், உறுமி மேளத்துக்கும் அத்தகைய வரலாறு எழுத வேண்டியவர் யார்? கடலைப் படகேறிக் கடந்துவிடலாம். ஈராண்டுப் படிப்புச் செலவைக் கடப்பதற்கு நம் பிள்ளைக்குப் படகு கொடுப்பார் எவரையும் காணோம்.

பொருள் கேட்கும் பிள்ளைக்கு நம்மவர் கூறும் மறுப்புகள் ஐந்து. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது மறுப்பு: "இசை ஒரு படிப்பா? பாட வந்தவன் பாடுவான். அதற்குப் பட்டம் எதற்கு?"

இவ்வாறு கேட்போர் தமிழிசையின் அண்மைக்கால வரலாற்றைக்கூட அறியாதவர். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் தமிழரின் சுருதி முறையையும் பண் முறையையும் பல்லாண்டு ஆராய்ந்து, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். மூலிகை மருந்து செய்து விற்ற வருவாயே இவ்வளவுக்கும் முதல். ஈழத்தில் தோன்றிய விபுலானந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழைப் பற்றிப் பல்லாண்டு உழைத்து, 1947-இல் 'யாழ் நூல்' அரங்கேற்றி, அடுத்த மாதமே மறைந்தார். அவர் துறவி; அதனோடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் சம்பளம் பெற்ற பேராசிரியர். சாம்பமூர்த்தி அவர்கள் 1931-இல் செருமனி தேசத்து மியூனிக் நகருக்குச் சென்று மேல்நாட்டு இசையையும் ஒப்பியல் இசை ஆராய்ச்சியையும் பயின்று திரும்பி, சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறையை வளர்த்தார்.

இம்மூவர் வரலாறும் நமக்கு உணர்த்துவது யாது? இசை பாடுதற்குக் குரலும் கையும் போதுமாயிருக்கலாம். இசையை ஆராய்தற்கு ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளில் ஆராய்வோன் உண்ண வேண்டும். பண்டிதர்க்கு மருந்துக் கடை இருந்தது. அடிகளுக்குப் பேராசிரியப் பதவி இருந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைக்கு இருப்பது யாது?

இரண்டாவது மறுப்பு வாயினின்று வெளிப்படுவதில்லை, முகத்தில் தெரியும். "மேளக்காரன் தொழிலுக்கு மேற்படிப்பா?" என்பதே அது.

நம்மவர் இசையை இரண்டு தட்டில் வைத்திருக்கின்றனர். சபாவில் அமர்ந்து பாடினால் அது தெய்வக் கலை. தெருவில் நின்று ஊதினால் அது ஜாதித் தொழில். சாவு வீட்டில் பறை அடித்தால் அது தீண்டத்தகாத ஒலி. மேலே உள்ள தட்டுக்கு விருது, கீழே உள்ள தட்டுக்கு எச்சில் இலை. நாகசுரத்தில் நிகரற்றவரெனப் போற்றப்பட்ட திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையே, நின்றுகொண்டு ஊத மாட்டேன், மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்று வாதாடித்தான் தம் மதிப்பைப் பெற வேண்டியிருந்தது. 1929-இல் பெரியார் பினாங்குத் துறையில் வந்திறங்கிப் பேசிச் சென்ற நாளுக்கும் இன்றைக்கும் இடையே ஒரு நூற்றாண்டு நெருங்கிவிட்டது. அவர் பேச்சைக் கேட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்றும் தம் மகன் தவில் கற்கப் போனால், "நமக்கு எதற்கு அந்தத் தொழில்?" என்கின்றனர். அதே தவிலை வாசிக்கத் தமிழகத்திலிருந்து ஆள் வந்தால் மாலை போட்டு வரவேற்கின்றனர். கடல் கடந்து வந்தால் கலைஞன். பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் மேளக்காரன்! இதுவோ பகுத்தறிவு?

உறுமி மேளத்தின் கதி இன்னும் இழிவு. தோட்டத்து இளைஞர் தாமே குழு சேர்த்து, தாமே தோல் கட்டி, தாமே தாளம் அமைத்து, மூன்று தலைமுறையாக வளர்த்து வந்திருக்கும் இசை அது. அதன் ஓசை மிகுதியெனவும், அதனோடு வரும் ஆட்டம் முறையற்றதெனவும் கண்டிப்போர் பலர். கண்டிக்கட்டும். ஆனால் அதன் தாளங்கள் எத்தனை, எந்த ஊரிலிருந்து எந்த வழியாக வந்தன, இந்நாட்டில் எவ்வாறு மாறின என்று ஒரு முறையாவது கேட்டனரா? அதனைக் கேட்டு எழுதுவதற்குரிய பயிற்சியே பட்டமேற்படிப்பு. அடித்துப் பழகிய கையே எழுதவும் கற்றுக்கொண்டால் வரும் நூல் வேறு. அயலார் வந்து பார்த்து எழுதும் நூல் வேறு.

மூன்றாவது மறுப்பு: "கடன் வாங்கிப் படிக்கட்டுமே."

தோட்டத்துக் கணக்கேட்டில் வரவையும் பற்றையும் நாடோறும் பதியும் தொழிலுடைய நமக்கு இவ்வறிவுரையின் பொருள் நன்கு விளங்கும். கடன் என்பது நாளைய சம்பளத்தை இன்றே அடகு வைத்தல். நாளைய சம்பளம் உறுதியானால் அடகும் பொறுக்கலாம். மருத்துவர்க்கு அது உறுதி. கணக்காய்வாளர்க்கு ஒருவாறு உறுதி. இசையாராய்ச்சியாளர்க்கு எந்தச் சம்பளப் பட்டியலில் அது எழுதப்பட்டுள்ளது?

1997-இல் அரசாங்கம் அமைத்த தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகம் பல்லாயிரம் ஏழைப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயிலுக்குக் கொண்டுவந்தது; அதனை நாம் மறுக்கவில்லை. முழுநேர முதற்பட்டத்தில் முதல் வகுப்பில் தேறியவர்க்கு, விதிகளுக்குட்பட்டு, கடனைத் திரும்பச் செலுத்துவதிலிருந்து விலக்கும் உண்டு. ஆனால் அக்கடன் முதற்பட்டத்தையே முதன்மையாகக் கருதி வகுக்கப்பட்டது. முதல் வகுப்பை நூலிழையில் தவறவிட்ட பிள்ளை, அக்கடனைத் தலையில் சுமந்துகொண்டே மேற்பட்டத்தின் வாயிலில் வந்து நிற்கின்றது. அதனிடம் போய், "இன்னொரு கடன் வாங்கு" என்பது எத்தகைய அறிவுரை? நம் முன்னோர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி, அம்முன்பணத்தைக் கழிப்பதற்கே ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். அவர்தம் சந்ததி பாட்டுக் கற்பதற்கும் முன்பணம் வாங்க வேண்டுமென்றால், நாம் கற்ற பாடம் ஒன்றுமில்லை என்றே பொருள். மேற்படிப்புக்கு இசையைத் தேர்ந்த பிள்ளைக்குத் தர வேண்டியது உபகாரச் சம்பளம். திருப்பிக் கேளாத பணம். இதுவே நாம் வற்புறுத்தும் ஒரே கொள்கை.

நான்காவது மறுப்பு: "வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தருகின்றனவே, திறமையிருந்தால் போய்ப் பெற்றுக்கொள்ளட்டும்."

தருகின்றன, உண்மையே. இவ்வுண்மையை நம் பிள்ளைகட்கு எவரும் எடுத்துரைக்காமையால் ஈண்டுச் சற்று விரித்தே கூறுவோம்.

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள், டாக்டர் பட்டத்துக்கும் சில இடங்களில் முதுகலைக்கும் சேரும் இசை மாணவரைத் துணைப் போதகராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ அமர்த்திக்கொள்கின்றன. அவ்வேலைக்கு ஈடாகப் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப்படியும் அளிக்கின்றன. அயல்நாட்டு மாணவர் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தல் அந்நாட்டு விதிப்படி ஆகாது. ஆகவே அம்மாதப்படியே அவர்க்கு உணவும் உறையுளும். நம் நாட்டினர் ஃபுல்பிரைட் உபகாரச் சம்பளத்துக்கு 1963-இல் அமைக்கப்பட்ட மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தின் வழி விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்குச் செவெனிங் உபகாரச் சம்பளம் உண்டு. இந்தியாவில் 1950-இல் தோன்றிய கலாசாரத் தொடர்புக் கழகம் அயல்நாட்டு மாணவர்க்கு உதவுகின்றது. இசைக்கும் நடனத்துக்கும் என லதா மங்கேஷ்கர் பெயரால் தனித் திட்டமே வைத்திருக்கின்றது. தமிழகத்தில் இசைக்கும் கவின்கலைக்கும் 2013-இல் தனிப் பல்கலைக்கழகம் தோன்றியது. இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசமாக்கப்பட்டதன் பயனாக, யாழ்ப்பாணத்துப் பிள்ளை இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் கட்டணமின்றி இசையில் முதற்பட்டம் பெற முடிகின்றது.

இவற்றை நாடும் பிள்ளைகட்கு ஒரு வார்த்தை. இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே கையொப்பமிட்டுவிடாதீர்கள். கட்டணத் தள்ளுபடி முழுமையா, பாதியா? மாதப்படி எத்தனை ஆண்டுக்கு உறுதி? விடுமுறை மாதங்களில் அது நிற்குமா? மருத்துவக் காப்புறுதி யார் பொறுப்பு? அதற்கு ஈடாகச் செய்ய வேண்டிய வேலை எத்தனை மணி? இவற்றை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். முன்னமே அங்குப் பயிலும் மாணவர்க்கும் எழுதிக் கேளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்னும் சொல்லை நம்பி விமானமேறியவன் இரண்டாம் ஆண்டில் திண்டாடுவான். பணமின்றிக் கிடைக்கும் இடத்தை ஏற்காமல் ஓராண்டு காத்திருத்தல் மானக்கேடன்று. கடன்பட்டுப் போய்ப் பாதியில் திரும்புவதே துன்பம்.

நிற்க. இத்துணை வழிகள் இருந்தும் நம்மவர் ஏன் அவற்றிற் செல்வதில்லை? ஏனெனில், இவ்வழிகளின் முகப்பில் ஒவ்வொரு கதவும் காசு கேட்கின்றது. விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், தரமான ஒலிப்பதிவுச் செலவு, கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு, முதல் மாதப்படி வரும்வரை உண்ணும் உணவு. நகரத்தில் பியானோவும் ஆசிரியரும் வைத்து வளர்ந்த பிள்ளைக்கு இவை சிறு செலவு. செம்பனைத் தோட்டத்தில் நாட்கூலி பெறும் வீட்டுப் பிள்ளைக்கு இவையே மலை. உலகத்தார் வீட்டினுள் விருந்து வைத்திருக்கின்றனர். வாசற்படி ஏறுவதற்கு நம் பிள்ளைக்குக் கால் கொடுப்பது நம் கடன்.

உதவி கிடைத்தால் விளைவது யாது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். வீணை தனம்மாளின் பேரரும் பாலசரசுவதி அம்மையாரின் தம்பியுமான த. விசுவநாதன், பரம்பரை இசைக் குடும்பத்தில் பிறந்த புல்லாங்குழற் கலைஞர். 1958-இல் ஃபுல்பிரைட் உதவியால் அமெரிக்கா சென்றார். 1975-இல் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 2002-இல் மறையும்வரை அங்கேயே தமிழ்நாட்டு இசையைப் பயிற்றினார். அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர், 1960-களில் அதே ஃபுல்பிரைட் உதவியால் சென்னைக்கு வந்து நம் இசையைக் கற்று, திருவையாற்று விழாவிலேயே பாடினார். ஓர் அமெரிக்கப் பிள்ளை நமது இசையைக் கற்பதற்கு அவன் நாட்டார் பணம் கொடுக்கின்றனர். நமது பிள்ளை நமது இசையைக் கற்பதற்கு நாம் கொடுப்பது என்ன? நகைப்பு!

ஐந்தாவது மறுப்பு: "எல்லாம் சரி; பணத்துக்கு எங்கே போவது?"

இதனைக் கேட்கும்போதுதான் நமக்குப் பொறுமை குன்றுகின்றது. பணமில்லாத சமூகமா நம்முடையது? பினாங்கில் தைப்பூசத்தன்று தெருவில் உடைபடும் தேங்காய்களைப் பாருங்கள். அவ்வீண் செலவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பன்முறை வேண்டிக்கொண்டும் கேட்டவர் சிலர். வெள்ளித் தேர் 1894 முதல் ஓடிக்கொண்டிருக்க, 2017-இல் பொற்றேரும் சேர்ந்தது. தேருக்கு முன்னே ஊதுகின்றவன் யார், அவன் மகன் என்ன படிக்கின்றான் என்று தேர் வடம் பிடித்தோரில் எத்தனை பேர் கேட்டிருப்பர்? சினிமா நட்சத்திரங்களை வருவித்து நடத்தும் ஓரிரவுக் களியாட்டத்துக்கு, நூறு வெள்ளிச் சீட்டையும் முண்டியடித்து வாங்குகின்றோம். திருமண மண்டபத்தில் எவர் காதிலும் விழாத பாட்டுக் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கின்றோம். ஆகவே, இசைக்கு நாம் செலவு செய்யாதவர்கள் அல்லர். ஓரிரவு கேட்டு மறக்கும் இசைக்குக் கொட்டிக் கொடுக்கின்றோம். நூறாண்டு நிற்கும் இசைக்குக் கையை விரிக்கின்றோம்.

அரசாங்கப் பணமும் இல்லாமல் இல்லை. இந்தியர் நலனுக்கென 2018-இல் அமைந்த மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி என்ற அளவில் ஒதுக்கீடு பேசப்படுகின்றது. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்க்கு உதவி வருவது பாராட்டத்தக்கது. இவற்றின் கணக்கில் இசைப் பட்டமேற்படிப்புக்கெனத் தனியே ஒரு வரி எழுதப்பட வேண்டும். கேளாமல் எவரும் எழுதார். கூட்டங் கூடிக் கேட்க வேண்டும்.

ஆனால் அரசாங்கத்தை மட்டும் நம்பியிருத்தலும், தனவந்தர் ஒருவரை மட்டும் நம்பியிருத்தலும் பேதைமை. அண்ணாமலை அரசர் தம் பொருளால் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். 1941-இல் அங்கேயே தமிழிசை இயக்கத்துக்கு மாநாடு கூட்டினார். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றத் துணைநின்றார். அவர் செய்த தொண்டு பெரிது. எனினும் அத்தகைய ஸ்தாபனமே நிதி நெருக்கடியில் அகப்பட்டு, 2013-இல் தமிழக அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. ஒரு கையால் தாங்கிய தூண் அக்கை தளர்ந்தால் சாயும். பல கைகள் தாங்கினால் ஒன்று தளர்ந்தாலும் நிற்கும்.

பல கைகள் சேர்வது இயலுமா என்று ஐயுறுவோர் நம் வரலாற்றையே புரட்டிப் பார்க்கட்டும். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அங்குத் தமிழுக்கே முதலிடம் வேண்டுமென்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார், 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி! மரம் சீவியவனும் மூட்டை சுமந்தவனும் கொடுத்த வெள்ளி அது. அந்த வெள்ளி பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்களாயிற்று. அதே காலத்தில் சீன சகோதரர்கள் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகத்தை எழுப்பினர். ரப்பர் முதலாளி தான் லார்க் சை 50 இலட்சம் வெள்ளி கொடுத்தார் என்பது பெரிய செய்தி; முச்சக்கர வண்டி மிதித்தவர்கள் தம் நாட்கூலியை அப்படியே கொண்டுவந்து கொட்டினர் என்பது அதனினும் பெரிய செய்தி. 1960-இல் வீ. தி. சம்பந்தன் தோட்டத் துண்டாடலைக் கண்டு வெகுண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தால், கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்காரன் தோட்டமே வாங்கினான் என்றால், அவன் பேரப்பிள்ளை இசை படிப்பதற்குப் பணமில்லை என்பது எவ்வளவு பெரிய பொய்!

கணக்குப் போட்டே காட்டுவோம். செபராங் பிறையிலும் பினாங்கிலும் தெற்குக் கெடாவிலுமாக ஆயிரம் குடும்பங்கள் மாதம் 5 வெள்ளி கொடுக்கின்றன என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000 வெள்ளி. ஒரு மாணவர்க்கு மாதம் 2,500 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 30,000. இரண்டு பிள்ளைகள் கையேந்தாமல் படிக்கலாம். மாதம் 5 வெள்ளி என்பது ஒருவேளைச் சோற்றின் விலைகூட அன்று.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தோட்டங்கள் விற்கப்படுகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன, மக்கள் பட்டணத்து அடுக்குவீடுகளில் சிதறுகின்றனர். நடவில்லா நாட்டில் பால்மரத்துக்குப் பாட்டுக் கட்டியவர்கள், கங்காணியை ஏசியும், துரையைக் கேலி செய்தும், கப்பலேறிப் பிரிந்த துயரைச் சொல்லியும் பாடியவர்கள், எண்பதைக் கடந்த மூதாட்டியராய் அங்கொருவர் இங்கொருவர் எஞ்சியிருக்கின்றனர். அப்பாட்டுகளின் சொற்களைச் சில அன்பர்கள் தொகுத்தனர். அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் சொல் மட்டும் பாட்டாகாது. பண்ணும் தாளமும் இழைவும் இழுப்பும் காகிதத்தில் ஏறவில்லை. அவற்றைக் கேட்டு, பதிந்து, இசைக்குறிப்பில் எழுதி, தஞ்சைப் பாட்டோடும் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பாட்டோடும் ஒப்பிட்டு ஆராயத் தெரிந்த ஒருவன் வேண்டும். அவ்வொருவனை உண்டாக்க ஐந்தாறு ஆண்டு பிடிக்கும். அம்மூதாட்டியர் ஐந்தாறு ஆண்டு காத்திருப்பார்களென எழுதிக் கொடுத்தவர் எவரும் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவது இது. பினாங்கிலும் செபராங் பிறையிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், கோயிற் குழுக்கள், ஆசிரியர் சங்கங்கள் ஆகிய அனைத்தும் ஒன்றுகூடி இசை மேற்படிப்பு நிதி ஒன்றை நிறுவ வேண்டும். அந்நிதி கடன் கொடுக்கலாகாது. உபகாரச் சம்பளமே கொடுக்க வேண்டும். பெறுவோரின் ஜாதியைக் கேட்கலாகாது, சமயத்தையும் கேட்கலாகாது. தேவாரம் பாடுவோன் மட்டும் தமிழனல்லன். மாதா கோயிலில் கீர்த்தனை பாடுவோனும், நாகூர்ப் பாட்டுப் பாடுவோனும், பறை அடிப்போனும் தமிழரே. தேர்வுக் குழுவில் இசை கற்பிப்போரும் கல்வியாளரும் இருக்கட்டும். கட்சித் தலைவர் பார்வையாளராய் வந்து போகட்டும். விண்ணப்பக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முன்கூட்டியே தரப்பட வேண்டும். ஏழையை முதலில் தடுப்பது அச்சிறு தொகையே. ஒரே காசோலையை மேடையில் நீட்டிப் படமெடுத்துக்கொள்வதை விடுத்து, மாதந்தோறும் ஓசையின்றி அனுப்புதல் வேண்டும். பெற்ற பிள்ளை படித்து முடித்தபின் பணத்தைத் திருப்ப வேண்டா. ஓராண்டு சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளியில் இசை சொல்லிக் கொடுக்கட்டும். தான் பதிவுசெய்த பாட்டுகளின் படி ஒன்றைப் பொது நூலகத்துக்கு அளிக்கட்டும். ஆண்டுதோறும் வரவு செலவு அச்சிட்டு ஒவ்வொரு சந்தாதாரர்க்கும் அனுப்பப்பட வேண்டும். கணக்குக் காட்டாத நிதி எதுவாயினும் அதற்கு ஒரு காசும் கொடாதீர் என்றே கூறுவோம், இந்நிதிக்கும் அவ்விதியே.

தாய்மார்களே, தோழர்களே! உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை தகர டப்பாவைத் தட்டித் தாளம் போடுகின்றது. மற்றொன்று கோயில் வாசலில் நாகசுரக்காரர் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கின்றது. "போய்ப் படி" என்று அதட்டுகின்றீர்கள். அதுவும் படிப்பே என்று நாம் கூறுகின்றோம். அப்படிப்பின் மேற்படி வரை ஏறுவதற்கு ஒரு வழியை ஊரார் கூடி அமைத்துக் கொடுத்தால், தேங்காய் உடைத்த புண்ணியத்தைக் காட்டிலும் அது நெடுநாள் நிலைக்கும். வரும் தைப்பூசத்துக்குள் முதல் ஆயிரம் பெயர்கள் சேரட்டும். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்துத் தமிழைப் பல்கலைக்கழகத்தில் ஏற்றிய மக்களின் வழிவந்த நாம், மாதம் ஐந்து வெள்ளி கொடுத்து இசையையும் அங்கே ஏற்றி வைப்போமாக!